முந்நூறாம் தட்டு: ரொறன்ரோவில் பிளேஆஃப் டிக்கெட் வாங்குவோருக்கு ஒரு கணக்கு

என்பிஏ என்ற வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஆடும் ரொறன்ரோ ராப்டர்ஸின் சொந்த அரங்கு ஸ்கோஷியாபேங்க் அரங்கு. அதன் முந்நூறாம் தட்டு கூரைக்கு அடுத்த தட்டு. படிகள் செங்குத்து; முழங்கால் நோவுள்ளவர்கள் கைப்பிடியை விடாமல் ஏற வேண்டும். அந்தச் செங்குத்தின் புண்ணியத்தில் முன்வரிசைக்காரரின் தலை யாருக்கும் மறைக்காது. ஆட்டக்காரரின் முகம் தெரியாது, முதுகில் உள்ள எண் தெரியும். கீழே பெருங்காசு கொடுத்து இருப்பவர்கள் வியர்வையைப் பார்க்கிறார்கள். மேலே இருப்பவர்களுக்கு ஆட்டத்தின் போக்கே தெரிகிறது. யார் யாரை மறிக்கிறார், எந்த மூலை காலியாகிறது, பந்து அடுத்து யார் கைக்குப் போகும் என்பதெல்லாம் கண்முன்னே கிடக்கும். இருக்கைக்கு மட்டும் மதிப்பெண் போடுவதென்றால் ஐந்துக்கு நான்கரை போட்டுவிட்டு இத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

ஏப்ரலில் வழக்கமான பருவம் முடிந்து பிளேஆஃப் தொடங்கும்: ஏழு ஆட்டத் தொடர்கள், நான்கை முதலில் வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். அப்போது விற்பனைக்கு வருவது இருக்கை மட்டுமில்லை. வழக்கமான பருவத்தில் அறுபது, எழுபது டொலருக்குக் கிடைத்த அதே நாற்காலிக்கு, 2022இல் பிலடெல்பியாவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தன்று 170 டொலர் கேட்டார்கள். நான் வாங்கியது ஒரு மறுவிற்பனை இணையதளத்தில், பெயர் வேண்டாம். கடைசிப் பக்கத்தில் 'சேவைக் கட்டணம்' என்று மேலும் 41 டொலர் முளைத்தது. என்ன சேவை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் வருமான வரிக் கணக்குப் பார்ப்பவள். பிளேஆஃபின் முதற்சுற்றும் கனடாவின் வரிக்காலமும் ஒரே மாதத்தில் வந்து தொலைவதால், ஆண்டின் மிக மோசமான வாரத்தில், தூக்கத்தையும் காசையும் சேர்த்துக் கொடுத்துத்தான் அந்தப் படிகளில் ஏறுகிறேன். ஆகவே இந்த விலை உயர்வு எதற்கு என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

விற்பவர்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரிந்ததுதான்: 'நீங்கள்தான் ஆறாவது ஆட்டக்காரர்.' சொந்த அரங்கில் ஆடுவது சாதகம். அந்தச் சாதகத்தை உண்டாக்குவது கூட்டம். கூட்டத்தில் ஒருவராக இருக்கத்தான் மேலதிகக் காசு. ரொறன்ரோவில் கூடைப்பந்துக்கு 19,800 பேர் உட்காரலாம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் காதுக்குள் ஒரு பூட்டு விழுவது உண்மை. அந்தச் சத்தத்தால் தொடரின் முடிவு மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

2022 ஏப்ரல் 20, புதன்கிழமை. என் பெறாமகன்தான் கூட்டிப் போனான். ராப்டர்ஸ் முதலிரண்டு ஆட்டங்களையும் பிலடெல்பியாவில் தோற்றுவிட்டு ஊருக்கு வந்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் 17 புள்ளிகள் முன்னிலை. முந்நூறாம் தட்டில் ஒருவரும் உட்காரவில்லை. எதிரணி ஃப்ரீ த்ரோ (மற்ற அணியின் தவறுக்காகக் கிடைக்கும், யாரும் மறிக்காத எறி) எறிய நிற்கும்போதெல்லாம் கூடைக்குப் பின்னாலிருந்த சனம் கைகளை ஆட்டி, துணியை ஆட்டி, வாய்க்கு வந்ததைக் கத்தியது. நான் ஆட்டத்தை விட்டுவிட்டு எறிபவரின் தோள்களைப் பார்த்தேன். மேலிருந்து தெரியக்கூடிய ஒரே பதற்றம் அங்கேதான். பந்தை இரண்டு தரம் தரையில் தட்டினார், மூச்சு விட்டார், தோள் இறங்கியது, எறிந்தார். கூட்டம் என்று ஒன்று அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. முன்னிலை கரைந்தது, ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது, 101-101. பக்கக்கோட்டிலிருந்து பந்து உள்ளே வந்தது. பிலடெல்பியாவின் ஜோயல் எம்பீட் பிடித்தார், திரும்பினார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். கடிகாரத்தில் 0.8 விநாடி மிச்சம். 104-101.

அந்தக் கணத்தில் அரங்கில் எழுந்த சத்தம் எதிரணி ஆட்டக்காரர்களுடையது. மேல்தட்டுவரை கேட்டது.

"சின்னம்மா, நீங்கள் கடைசியில் கத்தவே இல்லை," என்றான் பெறாமகன், யூனியன் நிலையத்துக்குப் போகும் நடைபாதையில். தோல்விக்கு நான்தான் காரணம் என்பதுபோல.

அந்தத் தொடரில் ரொறன்ரோவுக்கு வேறொரு சாதகமும் இருந்தது. பிலடெல்பியாவின் முன்னணித் தடுப்பாளர் மட்டீஸ் தைபல் முழுமையாகத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. அப்போதிருந்த கனடிய விதிகளின்படி அவரால் எல்லை தாண்டி வந்து ஆட முடியவில்லை. ரொறன்ரோவில் நடந்த மூன்று ஆட்டங்களிலும் அவர் இல்லை. 19,800 பேர் தொண்டை கிழியக் கத்தி முடியாததை ஒரு குடிவரவு விதி முடித்துவைத்தது. எல்லையில் காகிதம் சரியில்லாமல் நிற்பது என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்குத் தெரியும். அந்தப் பையனை நினைத்து எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. சரி, அதனால் என்ன லாபம்? மூன்றில் ஓர் ஆட்டத்தைத்தான் ராப்டர்ஸ் சொந்த அரங்கில் வென்றார்கள். தைபல் ஆடிய ஐந்தாவது ஆட்டத்தைப் பிலடெல்பியாவிலேயே போய் வென்றுவிட்டு, அவர் இல்லாத ஆறாவது ஆட்டத்தை இங்கே 132-97 என்று தோற்றார்கள். ராப்டர்ஸின் ஃப்ரெட் வான்வ்லீட் காயத்தால் ஆடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் இடுப்பில் பட்ட காயம், அரங்கு முழுவதன் சத்தத்தைவிட எடை கூடியதாக இருந்தது.

ரொறன்ரோவில் இந்தச் சரக்கின் பழைய வரலாற்றைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 2014, 2015, 2016, 2017 என்று நான்கு ஆண்டுகள் ராப்டர்ஸ் முதற்சுற்றைச் சொந்த அரங்கில் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகளும் முதல் ஆட்டத்தைத் தோற்றார்கள்: நெட்ஸிடம், விசார்ட்ஸிடம், பேசர்ஸிடம், பக்ஸிடம். 2014இல் நெட்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டமும் இங்கேதான். ராப்டர்ஸின் கைல் லௌரி எறிந்த கடைசிப் பந்தை நெட்ஸின் பியர்ஸ் தட்டிவிட, 104-103 என்று தோல்வி. 2018இல் 59 ஆட்டங்களை வென்று லீக்கின் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். இரண்டாம் சுற்றில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லண்ட் இங்கே வந்து முதல் ஆட்டத்தை மேலதிக நேரத்தில் 113-112 என்று எடுத்தது, இரண்டாவதை 128-110 என்று எடுத்தது, பிறகு தன் ஊரில் மற்ற இரண்டையும் எடுத்துத் தொடரையே துடைத்தது. ஏழு மாதம் உழைத்துச் சம்பாதித்த சாதகம் இரண்டே இரவில் தீர்ந்துபோனது. நடுவில் 2016இல் பேசர்ஸையும் மியாமியையும் இதே அரங்கில் ஏழாவது ஆட்டங்களில் வென்றதை மறைக்கமாட்டேன். மியாமியை 116-89 என்று அடித்துத் துவைத்தார்கள். அன்று டிக்கெட் வைத்திருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பிறகு 2019. ரொறன்ரோவில் சொந்த அரங்கைப் பற்றி யார் வாய் திறந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். மே 12ஆம் தேதி, பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம், 90-90, ராப்டர்ஸின் காவை லெனர்ட் வலது மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. என்பிஏ வரலாற்றில் ஏழாவது ஆட்டமொன்று கடைசி மணியோடு விழுந்த கூடையால் முடிந்தது அதுவே முதல் தடவை. கூட்டத்தின் வேண்டுதல்தான் பந்தை உள்ளே தள்ளியது என்று இன்றும் சத்தியம் செய்பவர்கள் ஸ்காபரோவில் உண்டு. பந்து துள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் அரங்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயடைத்து இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதே நாளில் டென்வரிலும் ஓர் ஏழாவது ஆட்டம் நடந்தது. கடல் மட்டத்துக்கு 5,280 அடி மேலே, வெளியூர்க்காரருக்கு மூச்சு வாங்கும் என்று பெயர்பெற்ற அரங்கு. போர்ட்லண்ட் அங்கே போய் 100-96 என்று வென்றது. சிஜே மெக்கொலம் 37 புள்ளிகள். ஒரே நாளில் ஓர் ஏழாவது ஆட்டம் சொந்த அணிக்கு, மற்றது வந்த அணிக்கு.

அந்த ஆண்டின் இறுதித் தொடரைத்தான் என் பெறாமகனிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். கோல்டன் ஸ்டேட்டைவிட அதிக ஆட்டங்களை வென்றிருந்ததால் சொந்த அரங்கின் சாதகம் ரொறன்ரோவுக்கு. முதல் ஆட்டம் இங்கே, ராப்டர்ஸ் வென்றார்கள், 118-109. இரண்டாவதும் இங்கே, தோல்வி. மூன்றாவது, நான்காவது இரண்டும் கோல்டன் ஸ்டேட்டின் ஊரான ஓக்லண்டில், இரண்டிலும் வெற்றி. ஐந்தாவது இங்கே, கோப்பையை அலங்கரித்து வைத்துக் காத்திருந்த இரவு, 106-105 என்று ஒரு புள்ளியில் தோல்வி. ஆறாவது ஓக்லண்டில், 114-110, சாம்பியன். ஆறு ஆட்டங்களில் ஐந்தை வந்த அணி வென்றது. ஓக்லண்டின் அந்த ஓராக்கிள் அரங்கு அமெரிக்காவிலேயே சத்தம் கூடிய அரங்குகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. அங்கே ரொறன்ரோ மூன்றுக்கு மூன்று.

வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். சாம்பியன் அணியின் சொந்த ஊரில் இறுதித் தொடருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்தவர்கள் மூன்று ஆட்டங்களில் ஒரு வெற்றியைப் பார்த்தார்கள். கோப்பை கைக்கு வந்த இரவில் அரங்கின் வெளியே, மேப்பிள் லீஃப் சதுக்கத்தின் பெரிய திரைக்கு முன்னால் நின்றவர்கள் அதை இலவசமாகப் பார்த்தார்கள். ஏழாவது ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆட்டமே நடக்காததால் பணம் திரும்பி வந்தது. அந்தப் பிளேஆஃபில் அவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அதுதான் என்று அவரே சொல்வார்.

ஐந்தாவது ஆட்டத்தைப் பற்றி இன்னொன்று. காயத்திலிருந்து திரும்பி வந்த கோல்டன் ஸ்டேட்டின் கெவின் டுரான்ட் இரண்டாவது கால்பகுதியில் குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தபோது எங்கள் கூட்டத்தில் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது. ராப்டர்ஸ் ஆட்டக்காரர்களே கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார்கள். ஆறாவது ஆட்டக்காரர் என்ற பட்டத்துக்கு ஆசைப்படுபவர்கள் அந்த அரை நிமிடத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். டுரான்ட் விழுந்தது, அதே அணியின் கிளே தொம்சன் ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டது, ஆறாவதில் அவருடைய முழங்கால் போனது ஆகியவற்றைக் கழித்துவிட்டு அந்தத் தொடரைப் பேசுவதும் நேர்மையாகாது.

இப்போது கணக்கு. தொழில் புத்தி போகாது.

ஏழு ஆட்டத் தொடரில் முதலிரண்டு ஆட்டங்கள் மேல்நிலை அணியின் ஊரில், அடுத்த இரண்டு எதிரணியின் ஊரில், பிறகு இங்கொன்று, அங்கொன்று, கடைசியாக இங்கொன்று. இறுதித் தொடருக்கு மட்டும் 1985 முதல் 2013 வரை 2-3-2 என்று வைத்திருந்தார்கள். எந்த வரிசையானாலும் ஆறு ஆட்டங்கள் முடியும்போது இரு அணிகளும் சொந்த அரங்கில் மும்மூன்று ஆடியிருக்கும். சமம். ஆக, 82 ஆட்டங்கள் ஆடி மேல்நிலை பிடித்த அணிக்குக் கிடைக்கும் பரிசு ஏழாவது ஆட்டம் என்ற ஒன்றுதான். அதுவும் தொடர் அதுவரை நீண்டால்.

இரண்டும் சமபலமான அணிகள் என்று வையுங்கள். ஒவ்வொரு அணியும் சொந்த அரங்கில் நூற்றுக்கு 60 தடவை வெல்லும் என்றும் வையுங்கள். தாராளமான எண்தான். அப்படி 100 தொடர்கள் நடந்தால் சுமார் 68 தொடர்கள் ஏழாவது ஆட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும். அவற்றில் இரு அணிக்கும் ஆளுக்கு 34. மிச்சம் 32 தொடர்கள் ஏழாவதுக்குப் போகும். அவற்றில் 60 விழுக்காடு, அதாவது 19 தொடர்கள், சொந்த அணிக்கு. மொத்தம் 53. நாணயத்தைச் சுண்டினால் 50. முழுப் பருவத்தின் உழைப்பும், விளம்பரமும், பெரிய திரையில் ஓடும் 'சத்தம் போடுங்கள்' என்ற எழுத்தும் சேர்ந்து வாங்கித் தருவது நூற்றுக்கு மூன்று தொடர்கள்.

வரிப்படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் இதைப் போட்டுக் காட்டினேன். பெறாமகன் சிறிது நேரம் பார்த்தான்.

"53 என்றால் 50ஐவிடக் கூடத்தானே, சின்னம்மா?"

"கூடத்தான், அப்பன். எனக்கு 41 டொலர் சேவைக் கட்டணம் எடுத்தார்களே, அதைவிடக் கொஞ்சம் நியாயமானது."

அவன் விடவில்லை. வரலாறு முழுக்க எடுத்தால் ஏழாவது ஆட்டங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கைச் சொந்த அணிதான் வென்றிருக்கிறது என்றான். உண்மை. ஆனால் ஏழாவது ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆடும் அணி யார்? பருவம் முழுவதும் அதிகமாக வென்ற அணி. நல்ல அணி வெல்வதை அரங்கின் பெயரில் வரவு வைப்பது பிழையான பதிவு. அந்தப் பழைய எண்ணுக்குள் பில் ரஸ்ஸலின் பாஸ்டன் இருக்கிறது. அவர் ஆடிய பத்து ஏழாவது ஆட்டங்களிலும் தோற்றதே இல்லை. அவரைத் தெருவோரத்தில் ஆடவிட்டிருந்தாலும் வென்றிருப்பார். 2024 மே 19 அன்று இரண்டு ஏழாவது ஆட்டங்கள் நடந்தன: இந்தியானா நியூயோர்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் 130-109, மினசோட்டா டென்வரில் 98-90, அதுவும் 20 புள்ளிகள் பின்னால் இருந்து. இரண்டிலும் வந்தவர்களுக்கே வெற்றி.

பழைய உதாரணங்களுக்கும் பஞ்சமில்லை. 1993இல் சிகாகோவும் ஃபீனிக்ஸும் ஆடிய இறுதித் தொடரிலும் ஆறில் ஐந்தை வந்த அணியே வென்றது. 1995இல் ஹூஸ்டன் மேற்கில் ஆறாவது இடத்தில் நுழைந்து, ஒரு சுற்றில்கூடச் சொந்த அரங்கின் சாதகம் இல்லாமல், நான்கு தொடர்களையும் வென்று கோப்பையை எடுத்தது. சான் அன்டோனியோவுக்கு எதிரான அவர்களின் தொடரில் முதல் ஐந்து ஆட்டங்களையும் வந்த அணிதான் வென்றது. அந்த ஐந்து இரவும் இரு ஊரிலும் டிக்கெட் வாங்கியவர்களின் முகத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

அப்படியானால் சொந்த அரங்கில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தனி ஓர் ஆட்டத்தை எடுத்தால் சொந்த அணி பாதிக்கு மேல் வெல்வது எல்லாக் காலத்திலும் உண்மை. எண்பதுகளில் வழக்கமான பருவத்திலேயே மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிய காலம் உண்டு. இப்போது பாதியைச் சற்றே தாண்டுகிறது. ஏன் குறைந்தது என்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள், எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று பயணம். அக்காலத்தில் அணிகள் பொதுமக்களோடு பொதுமக்களாக விமானத்தில் அலைந்தன. இப்போது தனி விமானம், தனிச் சமையல், பிளேஆஃபில் ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு நாள். மற்றது நடுவர். கூட்டத்தின் சத்தம் ஆட்டக்காரரின் கையை நடுக்குவதைவிட நடுவரின் விசிலைத் தயங்க வைக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். மேலிருந்து பார்த்த எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது. ஆனால் 2015 முதல் என்பிஏ நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளைச் சரி, பிழை என்று பிரித்து வெளியிடுகிறது. 2019-20 பருவத்திலிருந்து பயிற்றுநர் தீர்ப்பை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கலாம். தன் பிழை மறுநாள் அச்சில் வரும் என்று தெரிந்தவர் எத்தனை பேர் கத்தினாலும் கொஞ்சம் யோசிப்பார்.

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து ஆடியவள். அங்கே சொந்த மைதானம் என்றால் அதற்கு அர்த்தம் இருந்தது. மணல் எந்த இடத்தில் காலை வாங்கும், பிற்பகல் வெயில் எந்தக் கம்பத்துக்குப் பின்னால் இறங்கும், எந்தப் பக்கம் காற்று பந்தை இழுக்கும் என்பதெல்லாம் எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். வந்த பள்ளிக்காரர் கண்டுபிடிக்குமுன் ஆட்டம் முடிந்துவிடும். என்பிஏயில் எல்லா ஊரிலும் 94 அடி நீளம், 50 அடி அகலம், அதே பலகை, அதே வெளிச்சம், கூரைக்கு உள்ளே காற்றும் இல்லை. மண் தரும் சாதகத்தை எடுத்துவிட்டார்கள்; மிஞ்சியது மனிதர்கள் மட்டும்.

மனிதர்கள் எப்படி உதவுவார்கள் என்பதற்கு 2023 ஏப்ரல் 12ஐச் சொல்வேன். பிளேஆஃபுக்குள் நுழைய சிகாகோவுக்கு எதிரான தகுதி ஆட்டம், தோற்றால் பருவம் முடிந்தது. சொந்த அணி ஃப்ரீ த்ரோ எறியும்போது அரங்கம் மரியாதையாக அமைதி காப்பது வழக்கம். சிகாகோவுக்கு ஆடிய டிமார் டிரோசன் ஒன்பது பருவங்கள் இங்கே ராப்டர்ஸுக்கு ஆடியவர். அன்று அவருடைய மகள், சின்னப் பிள்ளை, கூட்டத்தில் இருந்தாள். ராப்டர்ஸ் எறிய நிற்கும் ஒவ்வொரு தடவையும் அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு ஒரே ஒரு கீச்சுக் குரல். 36 ஃப்ரீ த்ரோக்களில் 18 தவறின. 19 புள்ளிகள் முன்னிலை காணாமல் போய், 109-105 என்று சிகாகோ வென்றது. பிள்ளையின் குரல்தான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். ஆனால் சத்தத்துக்குச் சக்தி உண்டென்றால், அன்று அந்தச் சக்தி முழுவதும் எதிரணிக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளையிடம் இருந்தது. காசு கொடுத்த நாங்கள் பத்தொன்பதாயிரம் பேரும் மௌனம் காத்து அவளுக்கு ஒலிபெருக்கி பிடித்தோம். அவள் போகாத மியாமியில் சிகாகோ அடுத்த ஆட்டத்தைத் தோற்றது.

சொந்த ஊரே இல்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்பதையும் ராப்டர்ஸ் எங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். 2020இல் பெருந்தொற்றால் பிளேஆஃப் அணிகள் எல்லாம் ஓர்லாண்டோவில் ஆளில்லாத அரங்குகளில் ஆடின. ரொறன்ரோ கிழக்கில் இரண்டாவது. பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. இங்கே ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்பவர்கள் மேலே போட்ட கணக்கை ஒரு தரம் பார்க்கவும். அடுத்த பருவம்தான் உண்மையில் வலித்தது. எல்லை மூடியிருந்ததால் அணி புளோரிடாவின் தாம்பாவில் குடியேறி, அதைச் 'சொந்த அரங்கு' என்று சொல்லிக்கொண்டு ஆடியது. முந்தைய பருவம் 53 வெற்றி, 19 தோல்வி. தாம்பாவில் 27 வெற்றி, 45 தோல்வி. மார்க் கசோலும் சேர்ஜ் இபாக்காவும் போய்விட்டிருந்தார்கள், அணிக்குள் நோய் பரவியது, எல்லாம் சரி. இருந்தாலும் தன் படுக்கை, தன் சமையலறை, தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டு மாதக்கணக்கில் வாடகை ஊரில் இருப்பவர்கள் நன்றாக ஆடுவார்களா என்று இந்த ஊரில் பாதிச் சனத்திடம் கேட்டாலே பதில் வரும். சாதகம் என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது. அதை முந்நூறாம் தட்டு டிக்கெட்டில் விற்க முடியாது.

சரி, வாங்குவதா வேண்டாமா? வாங்குங்கள். எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அணி மேல்நிலையில் இருக்கும் ஆண்டானால் முதல் ஆட்டத்தைத் தவிருங்கள். ரொறன்ரோவின் சரித்திரம் அப்படி. 2019இல் கோப்பை வென்ற அணிகூட ஓர்லாண்டோவிடம் முதல் ஆட்டத்தை இங்கே 104-101 என்று தோற்றுத்தான் தொடங்கியது. இரண்டாவது ஆட்டத்தின் விலை பெரும்பாலும் அதைவிடக் குறைவு. முதலாவதைத் தோற்ற அணி ரோஷத்தோடு ஆடும். கீழ்நிலையில் இருக்கும் ஆண்டானால் எல்லோரும் மூன்றாவது ஆட்டத்துக்குப் பாய்வார்கள். நீங்கள் நான்காவதை எடுங்கள். 2022இல் மூன்றாவதில் நான் எம்பீட்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். நான்காவதில் பாஸ்கல் சியாக்கம் 34 புள்ளிகள் எடுத்து 110-102 என்று வென்றார். என் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன், கையில் யாரோ ஒருவரின் வாடகை ரசீதுகளோடு.

நடுப்பக்க இருக்கைக்குக் கூடக் கொடுக்க வேண்டாம். கூடைக்குப் பின்னாலுள்ள மேல் மூலைகள் மலிவு. அங்கிருந்துதான் ஃப்ரீ த்ரோ எறிபவரின் தோள் நேராகத் தெரியும். ஸ்காபரோவிலிருந்து காரில் போகாதீர்கள். கென்னடியில் ஏறி, புளோர்-யங்கில் மாறி யூனியனில் இறங்கினால் குளிரில் கால் வைக்காமல் அரங்கின் வாசல்வரை உள்வழியாகவே போய்விடலாம். வயிற்றை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வெளிக்கிடுங்கள். கொத்துரொட்டி சாப்பிட்ட வயிறு மேலதிக நேரத்தையும் தாங்கும்.

'தேவைப்பட்டால்' என்று குறிப்புப் போட்டு விற்கும் ஆறாவது, ஏழாவது ஆட்டங்களுக்கு முன்கூட்டியே காசைக் கட்டி வைக்காதீர்கள். அதற்கு முந்தைய ஆட்டம் முடிந்த இரவு, தோற்ற பக்கத்து ஆட்கள் மனமுடைந்து டிக்கெட்டுகளைத் தள்ளிவிடும் ஒரு மணி நேரம் உண்டு. பதினொரு மணிக்கு மேல் பாருங்கள், கடைசிப் பக்கத்துக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வெளியூர் ஆட்டங்களுக்குச் சதுக்கத்தில் திரை போட்டால் அங்கே போய் நில்லுங்கள், காசில்லை. பெறாமகன் அடுத்த தடவையும் மூன்றாவது ஆட்டத்துக்குத்தான் போவேன் என்று நிற்கிறான். கட்டணம் அவன் கணக்கில் என்று சொல்லியிருக்கிறேன்.